பள்ளியில் கேம் செய்யச் சொல்லித்தர யூனிட்டியில் ஆரம்பிக்கலாமா, பைதானை முடித்துவிட்டுப் போகலாமா?

கேள்வி கேட்டிருப்பவர் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் கணினி ஆசிரியர். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு பீரியட் வீடியோ கேம் செய்யச் சொல்லித்தரும்படி தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். லேபில் ஓடுகிற கம்ப்யூட்டர் 12, எல்லாமே 4 ஜிபி ராம். வகுப்புக்கு 40 பேர். யூனிட்டியா, பைதானா என்று கேட்டுவிட்டு, பெற்றோர் வந்து 'கேம் விளையாடவா பள்ளிக்கூடம் அனுப்புறோம்' என்று கேட்டால் என்ன சொல்வது என்றும் கேட்டிருக்கிறார். மேலாகப் பார்த்தால் எந்த மென்பொருள் என்ற கேள்வி. ஆனால் உங்கள் உண்மையான கவலை, இருக்கிற மெஷினையும் நேரத்தையும் வைத்துக்கொண்டு ஒரு கல்வியாண்டில் உருப்படியாக ஏதாவது நடக்குமா, ஆண்டு விழாவில் காட்டும் கண்துடைப்பாக முடிந்துவிடுமா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன். மென்பொருள் பேச்சு நடுவில் தானாக வந்துவிடும். நான் சென்னையில் மொபைல் கேம் செய்யும் வேலையில் புரோகிராமராக இருந்தவன். அப்புறம் பள்ளிகளில் மாலை வகுப்பாக இதைச் சொல்லித்தர வந்து அப்படியே நின்றுவிட்டேன். சொல்வதில் பாதி தொழிலிலிருந்து, பாதி வகுப்பிலிருந்து.

முதலில் யூனிட்டி, கேம் கம்பெனிகள் கேம் செய்யப் பயன்படுத்தும் மென்பொருள். வேண்டாம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எடிட்டரே பல ஜிபி பிடிக்கும். 4 ஜிபி ராமில் அது திறந்து முடிப்பதற்குள் பீரியட்டில் பாதி போய்விடும். மெஷினுக்கு மெஷின் லாகின் வேண்டும். திறந்த பிறகும் ஏகப்பட்ட பேனல்கள், அதற்குப் பின்னால் சி ஷார்ப் என்கிற நிரல்மொழி. வேலைக்குப் போகிறவனுக்கு நல்ல கருவி, நானே அதில்தான் சம்பாதித்தேன். எட்டாம் வகுப்புக்கு அது தேவையில்லை. இன்னொன்றும் உண்டு. 2023 செப்டம்பரில் அந்த நிறுவனம், கேம் எத்தனை முறை இன்ஸ்டால் ஆகிறதோ அதற்கேற்பக் கட்டணம் என்று அறிவித்தது. உலகம் முழுக்க டெவலப்பர்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் 2024 செப்டம்பரில் அதை மொத்தமாகக் கைவிட்டார்கள். உங்கள் பள்ளியை அந்தக் கட்டணம் தொட்டிருக்காது. ஆனாலும் ஒரு பாடத்தை ஐந்தாறு வருடம் நடத்தப் போகிறீர்கள் என்றால், விதியை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றக்கூடிய ஒருவரின் கருவியில் அதைக் கட்டாமல் இருப்பது நல்லது.

பைதான் என்ற நிரல்மொழியை முதலில் முடித்துவிட்டுப் போவதும் வேண்டாம். பைதான் மேல் குறையொன்றும் இல்லை. நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகமே பைதானில்தான் இருக்கிறது, பதினொன்றில் சி++. பிள்ளைகள் எப்படியும் அங்கே போய்ச் சேருவார்கள். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. பிரின்ட், இன்புட், இஃப், லூப், லிஸ்ட் என்று வரிசையாகப் போனால் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும், திரையில் ஒரு பந்துகூட நகர்ந்திருக்காது. கேம் என்ற பெயரைக் கேட்டு ஆசையாக உட்கார்ந்த பிள்ளை அதற்குள் ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்திருக்கும்.

ஆகவே ஸ்கிராட்ச். கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல், பிளாக்குகளாக இழுத்துப் பொருத்திக் கேம் செய்கிற மென்பொருள். எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழு உருவாக்கி 2007இல் வெளியிட்டது. 2019 முதல் மூன்றாம் பதிப்பு. இன்டர்நெட் இல்லாமல் ஓடும் டெஸ்க்டாப் பதிப்பு இருக்கிறது, இலவசம், 4 ஜிபி ராமில் சிரமமில்லாமல் ஓடும். உங்கள் லேபில் லினக்ஸ் போட்டிருந்தால் ஸ்கிராட்ச் டெஸ்க்டாப் அதற்கு வருவதில்லை. டர்போவார்ப் என்று ஒன்று இருக்கிறது, அதே பிளாக்குகள், அதே ஃபைல், இன்னும் வேகமாகவே ஓடும். தலைமையாசிரியரிடம் சொல்ல ஒரு நல்ல காரணமும் கையில் இருக்கிறது: நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் ஸ்கிராட்ச் வருகிறது. நீங்கள் பாடத்திட்டத்துக்கு வெளியே எதுவும் செய்யவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இதைப் பார்த்ததும் 'இது சின்னப் பசங்களோடது சார்' என்பார்கள். திறந்ததும் நடுவில் நிற்கும் அந்த மஞ்சள் பூனைதான் காரணம். முதல் வேலையாகப் பூனையை டெலிட் செய்யச் சொல்லுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, அதை அழித்துவிட்டுத் தாங்களே ஒரு கறுப்புச் சதுரம் வரைந்து அதைக் குதிக்க வைத்தால் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும்.

ஆனால் ஸ்கிராட்சைத் திறக்கும் முன்னால், முதல் இரண்டு பீரியட் லேபுக்கே போகாதீர்கள். தரையில் சாக்பீஸால் ஆடுபுலி ஆட்டக் கட்டம் வரையச் சொல்லுங்கள். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது, தாத்தா பாட்டியிடம் கற்றவன் ஒருவன் எப்படியும் இருப்பான், அவனே சொல்லித்தரட்டும். இரண்டு ஆட்டம் முடிந்ததும் ஒரு விதியை மாற்றுங்கள். ஆட்டை 12 ஆகக் குறையுங்கள். யார் ஜெயிக்கிறார்கள்? சரி, 20 ஆக்குங்கள். இப்போது? புலிக்கு வேலையே இல்லாமல் போய் அடைபட்டுவிடும். யாரும் சொல்லாமலேயே ஒரு பெண், 'சார், 4 புலி விட்டா சரியாயிடும்' என்பாள். அந்த இடத்தில் அவள் கேம் டிசைனர் ஆகிவிட்டாள். தொழிலில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ததும் இதே வேலைதான். விதி, எண்ணிக்கை, அதை மாற்றினால் ஆட்டம் யார் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பது. நிரல் எழுதுவது அதற்கு அப்புறம்.

அப்புறம் லேப். முதல் கேம் மேலிருந்து விழுவதைக் கூடையில் பிடிப்பது. மாங்காய், கொய்யா, எதுவாகவும் இருக்கட்டும். இதை இரண்டு வாரத்தில் எல்லோரும் முடித்துவிடுவார்கள், இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கிராட்ச் மேடை 480 அகலம், 360 உயரம், நடுப்புள்ளி பூச்சியம் என்பதையும், இடப்பக்கம் போனால் குறை எண் வரும் என்பதையும் அவர்கள் கையால் தொட்டுத் தெரிந்துகொள்கிற இடம் அது. இரண்டாவது, இரண்டு பேர் எதிரெதிரே மட்டையால் பந்தைத் திருப்பியடிக்கும் மட்டைப் பந்து, அதாவது பாங் என்ற பழைய கேம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். மூன்றாவது, குதிப்பது. இதில் கொஞ்சம் நின்று போங்கள், வருடப் பாடத்தின் சாரமே இங்கேதான் இருக்கிறது.

குதிக்கச் சொன்னால் பிள்ளைகள் முதலில் செய்வது, ஸ்பேஸ் கீயை அழுத்தினால் மேலே 80 போ, அப்புறம் கீழே 80 வா என்பது. சதுரம் லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கும். யாருக்கும் பிடிக்காது, ஏன் பிடிக்கவில்லை என்றும் சொல்லத் தெரியாது. அப்போது 'வேகம்' என்று ஒரு வேரியபிள், அதாவது மாறக்கூடிய ஓர் எண்ணுக்கு ஒரு பெயர், வைக்கச் சொல்லுங்கள். கீயை அழுத்தினால் வேகம் 12. நிற்காமல் திரும்பத் திரும்ப ஓடும் ஃபாரெவர் லூப்புக்குள் ஒவ்வொரு முறையும் வேகத்தின் அளவு மேலே நகர், பிறகு வேகத்தில் 1 குறை. இரண்டே பிளாக். முதல் முறை 12 ஏறும், அப்புறம் 11, 10, 9, உச்சியில் பூச்சியம், அதற்கப்புறம் குறை எண்ணாகித் தானாகவே கீழே வரும். கீழே வரச் சொல்லி ஒரு வரிகூட எழுதவில்லையே என்று அப்போதுதான் கவனிப்பார்கள்.

எவ்வளவு உயரம் குதித்தது என்று கேளுங்கள். 12, 11, 10 என்று 1 வரை கூட்ட வேண்டும். பத்தாம் வகுப்பில் வரப்போகிற அதே சூத்திரம்: 12ஐயும் 13ஐயும் பெருக்கி 2ஆல் வகுத்தால் 78. வேகத்தை 24 ஆக்கினால் உயரம் இரட்டிப்பாகுமா? எல்லோரும் ஆமாம் என்பார்கள். ஓட்டிப் பார்த்தால் சதுரம் 300 ஏறித் திரையின் உச்சிக்குப் போய்விடும், கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஒன்பதாம் வகுப்பு இயற்பியலில் இயக்கச் சமன்பாடுகள் நடத்தும்போது வேகத்தின் இருபடி என்று கரும்பலகையில் எழுதுகிறோமே, அது இங்கே தலையில் இடித்துக்கொண்டு நிற்கும். பக்கத்து அறை இயற்பியல் ஆசிரியரை அன்றைக்குக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பிறகு அவரும் உங்கள் பக்கம் பேசுவார்.

இதே குதிப்பில் ஒரு பிழை கட்டாயம் வரும். விழும்போது வேகம் குறை 12 வரை போவதால் ஒரே தாவலில் 12 புள்ளி இறங்குகிறது; அந்தத் தாவலுக்கு நடுவில் தரை வந்தால் சதுரம் தரைக்குள் பாதி புதைந்து நிற்கும். தரை மெல்லிசாக இருந்து வேகம் அதிகமானால், தரையைத் தொடாமலே அந்தப் பக்கம் போய்விடும். திருத்தித் தராதீர்கள். திரை ஒரு முறை வரையப்படுவது ஒரு ஃப்ரேம்; 'இந்த ஃப்ரேமில் கால் எங்கே இருந்தது, அடுத்ததில் எங்கே இருந்தது' என்று நோட்டில் வரையச் சொல்லுங்கள். பெரிய கம்பெனி கேம்களிலும் சுவருக்குள் புகுந்துபோகும் பிழைக்குப் பெரும்பாலும் இதே காரணம்தான் என்று சொன்னால் அவர்களுக்கு ஒரு பெருமிதம் வரும்.

இன்னொரு பிழையையும் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரே நாளில் பத்துப் பேர் கை தூக்குவார்கள். எதிரிக்கு 'உயிர்' என்று வேரியபிள் வைப்பார்கள். மூன்று எதிரி நிற்கும். ஒன்றைச் சுட்டால் மூன்றும் சேர்ந்து சாகும். 'சார், சிஸ்டம் கெட்டுப்போச்சு.' ஒன்றும் கெடவில்லை. வேரியபிள் உருவாக்கும்போது எல்லா ஸ்பிரைட்டுக்குமா (திரையில் இருக்கும் ஒவ்வோர் உருவமும் ஒரு ஸ்பிரைட்), இந்த ஸ்பிரைட்டுக்கு மட்டுமா என்று ஸ்கிராட்ச் கேட்கிறது. அதில் எல்லாவற்றுக்கும் என்பது முன்பே தேர்வாகியிருக்கும், யாரும் படிக்காமல் ஓகே அழுத்துகிறார்கள். மூன்று எதிரிக்கும் ஒரே உயிர். பிற்பாடு கல்லூரியில் குளோபல், லோக்கல் என்று அரை மணி நேரம் நடத்துவதை இந்த ஒரு சாவு சொல்லித்தந்துவிடும்.

நவம்பர் வாக்கில் 'எங்களுக்குப் பிடித்த கேம் செய்கிறோம்' என்று கேட்பார்கள். என்ன கேம் என்றால் ஃப்ரீ ஃபயர் மாதிரி, துப்பாக்கி, ஓப்பன் வேர்ல்டு, ஆன்லைன் மல்டிபிளேயர். இங்கேதான் பெரும்பாலான வகுப்புகள் கவிழ்கின்றன. முடியாது என்று சொன்னால் ஆர்வம் போய்விடும். சரி என்றால் மார்ச்சில் 12 மெஷினிலும் அரைகுறைக் குப்பை இருக்கும். நான் வைத்திருக்கிற விதி இது: ஒரே திரை, அதிகபட்சம் மூன்று கீ, ஒரு ஆட்டம் ஒரு நிமிடத்தில் முடிய வேண்டும். அதற்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள். துப்பாக்கி வேண்டுமா, சரி, ஒரே அறை, ஒரே எதிரி. ஃபிளாப்பி பேர்டை உதாரணமாகக் காட்டுங்கள். 2013இல் வியட்நாமில் டாங் நுயென் என்பவர் தனியாளாகச் செய்தது. ஒரே விரல், ஒரே அசைவு, குதிக்கிற கணக்கு இவர்கள் ஏற்கெனவே செய்துவிட்ட அதே கணக்கு. உலகமே அதை ஆடியது. 2014 பிப்ரவரியில் அவரே அதைக் கடையிலிருந்து எடுத்தும்விட்டார். ஏன் எடுத்தார் என்று கேட்பார்கள். இது ஆட்களை இவ்வளவு அடிமையாக்கும் என்று நினைக்கவில்லை என்று அவர் பேட்டியில் சொன்னதைச் சொல்லுங்கள். பெற்றோரின் கேள்விக்குப் பதில் அங்கிருந்தே தொடங்கும், பிள்ளைகள் வாயாலேயே.

நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல நினைப்பது ஒன்று உண்டு. இருக்கிற பீரியட்களில் பாதியை, கேம் ஓட ஆரம்பித்த பிறகு நடக்கும் வேலைக்கு ஒதுக்குங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள், ஓடிவிட்டதா, சரி, அடுத்தது என்று போய்விடுகிறார்கள். கேம் வேறொருவர் கைக்குப் போகும்போதுதான் பாடம் ஆரம்பிக்கிறது. ஏழாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். செய்தவர் பக்கத்தில் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. 'அங்க இல்ல, மேல போ' என்று சொல்லக் கூடாது. கையில் நோட்டு, எங்கே திணறுகிறார்கள், எத்தனை முறை சாகிறார்கள், எப்போது எழுந்து போகிறார்கள் என்று குறிக்க வேண்டும். தன் கேமை நூறு முறை ஓட்டிப் பழகியவனுக்கு அது ரொம்ப எளிதாக இருக்கும். முதல் தடவை ஆடுகிற குழந்தை மூன்று நொடியில் செத்து, மறுபடியும் செத்து, 'நல்லாவே இல்ல' என்று சொல்லிவிட்டுப் போகும். சில பிள்ளைகள் கண்கலங்குவார்கள், அதற்கும் தயாராக இருங்கள். அடுத்த பீரியட்டில் வேகத்தை 6லிருந்து 4 ஆக்கிவிட்டு மறுபடி அதே குழந்தையைத் தேடிப் போய்க் கூட்டி வருவார்கள்.

பாங் கதையை இந்த இடத்தில் சொல்லுவேன். 1972இல் அட்டாரி என்ற கேம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஆலன் அல்கார்னுக்குப் பயிற்சிக்காக அதன் நிறுவனர் நோலன் புஷ்னெல் கொடுத்த வேலை அது, விற்பதற்காக அல்ல. அல்கார்ன் மட்டையை எட்டுத் துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் பட்டதோ அதற்கேற்பப் பந்து திரும்பும் கோணத்தை மாற்றினார். ஆட்டம் நீள நீளப் பந்தின் வேகத்தைக் கூட்டினார். மின்சுற்றில் இருந்த ஒரு குறையால் மட்டை திரையின் மேல் விளிம்பு வரை போகவில்லை. அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டார். இல்லாவிட்டால் கைதேர்ந்த இருவர் ஆடினால் ஆட்டம் முடியவே முடியாது. உங்கள் பிள்ளைகள் செய்த மட்டைப் பந்தில் பந்து எப்போதும் ஒரே கோணத்தில் திரும்பிக்கொண்டிருக்கும், ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும். கதையைச் சொல்லிவிட்டு, மட்டையைக் குறைந்தது மூன்று துண்டாகவாவது பிரித்துப் பாருங்கள் என்று விடுங்கள். 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸும் இதே ரகம். எதிரிகள் குறையக் குறைய வரைய வேண்டியது குறைந்து மிச்சமிருப்பவை வேகமாக வந்தன, அதைத் திருத்தாமல், அந்த கேமை உருவாக்கிய நிஷிகாடோ ஆட்டத்தின் சுவையாகவே வைத்துக்கொண்டார்.

இனி லேப் நடைமுறை. 40 பேர், 12 மெஷின் என்றால் மூன்று அல்லது நான்கு பேருக்கு ஒன்று. அதைக் குறையாக நினைக்க வேண்டாம், ஆளுக்கு ஒரு மெஷின் இருந்தால்கூட நான் இரண்டு பேராகத்தான் உட்கார வைப்பேன். ஆனால் மவுஸ் யார் கையில் என்பதைக் கடிகாரம் தீர்மானிக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மணியடித்து மாற்றுங்கள். மாற்றாவிட்டால் என்ன நடக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியும்: வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும் பையன் மவுஸைப் பிடித்துக்கொள்வான், பெண் பிள்ளைகள் படம் வரையவும் பெயர் வைக்கவும் ஒதுக்கப்படுவார்கள், மூன்றாவது ஆள் வேடிக்கை பார்ப்பார். மவுஸ் பிடித்தவர் தானாக எதுவும் செய்யக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் சொல்வதைத்தான் செய்ய வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். வாயால் சொல்ல முடிகிறவருக்குப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஃபைல் விஷயம் அற்பமாகத் தோன்றும், கண்ணீர் வருவதெல்லாம் இதில்தான். சில பள்ளி லேபுகளில் ரீஸ்டார்ட் செய்தால் சேமித்ததெல்லாம் துடைத்துப்போகும்படி மென்பொருள் போட்டிருப்பார்கள். முதல் நாளே சோதித்துப் பாருங்கள். கரண்ட் போகும், யுபிஎஸ் பேட்டரி செத்திருக்கும். பத்து நிமிட மணி அடிக்கும்போதே சேவ் செய்வதையும் சேர்த்துப் பழக்குங்கள். ஃபைல் பெயரில் வகுப்பு, குழு எண், தேதி. பழையதன் மேல் எழுதாமல் ஒவ்வொரு வாரமும் புதுப் பெயர். ஒரு பென் டிரைவில் வாரம் ஒரு முறை நீங்களே எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பென் டிரைவை மெஷினில் குத்த விடாதீர்கள், வைரஸ் வந்தால் ஒரு மாதம் போய்விடும்.

படத்துக்கும் சத்தத்துக்கும் அதிக நேரம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ஹீரோவின் முடியை வரைவதிலேயே தீபாவளி வந்துவிடும். கேம் சதுரங்களோடு நன்றாக ஓடிய பிறகுதான் படம் என்று சொல்லிவிடுங்கள். கூகுளில் நடிகர் படத்தை எடுத்து ஒட்டுவார்கள். யாருடைய படம், எடுக்க யார் அனுமதி தந்தார் என்று பேச அது நல்ல சந்தர்ப்பம். கென்னி என்ற டச்சுக்காரரின் தளத்தில் கேமுக்கான படங்கள், சத்தங்கள் ஏராளமாக இலவசமாக இருக்கின்றன, பெயர்கூடப் போட வேண்டியதில்லை என்கிற சிசி0 உரிமத்தில். ஆனால் என் அனுபவத்தில் பிள்ளைகளே வாயால் 'டொய்ங்' என்று பதிவு செய்த சத்தம்தான் வகுப்பில் அதிகம் ரசிக்கப்படும்.

பைதான் எப்போது? 40 பேரில் நாலைந்து பேருக்கு ஜனவரிக்குள் பிளாக்குகள் போதாமல் போகும். அவர்களுக்குப் பைதானில் எளிதாகக் கேம் எழுத உதவும் பைகேம் ஜீரோ கொடுங்கள். பள்ளிகளை மனதில் வைத்து டேனியல் போப் செய்தது. பத்துப் பதினைந்து வரியில் திரையில் ஒன்று நகரும். செய்த குதிப்பு கேமையே அதில் மறுபடி எழுதச் சொல்லுங்கள், புதிதாக எதுவும் வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஸ்கிராட்சில் ஒய் மேலே போனால் கூடும், பைகேமில் கீழே போனால் கூடும், பூச்சியம் இடது மேல் மூலையில். முதல் ஓட்டத்தில் எல்லாச் சதுரமும் தலைகீழாக விழும். பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறவர்களுக்கு, யூனிட்டி மாதிரியே கேம் செய்யும் மென்பொருளான கோடோ எஞ்சினைக் காட்டலாம். அர்ஜென்டினாவில் தொடங்கியது, 2014 முதல் திறந்த மூலம், எம்ஐடி உரிமம், இன்ஸ்டால் செய்யக்கூட வேண்டாம், ஒரே ஃபைல். பழைய கிராபிக்ஸ் உள்ள மெஷினில் நான்காம் பதிப்பு திறக்காமல் போகலாம், அங்கே மூன்றாம் பதிப்பைப் போடுங்கள். வீட்டில் செல்போன் மட்டும் இருக்கிற பிள்ளைக்கு ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்த பாக்கெட் கோடு ஆப் இருக்கிறது, ஸ்கிராட்ச் மாதிரியே பிளாக்குகள்.

பைதானுக்குப் போனதும் ஏஐயிடம் கேட்டு மொத்த நிரலையும் ஒட்டிக்கொண்டு வருவார்கள். தடுக்க முடியாது, தடுக்க மெனக்கெடவும் வேண்டாம். மதிப்பெண் போடும்போது கேமைப் பார்த்துப் போடாதீர்கள். எதிரில் உட்கார வைத்து, 'குதிக்கிற உயரத்தைப் பாதியாக்கு', 'இரண்டாவது தடவை தொட்டால்தான் சாக வேண்டும்' என்று ஒரு மாற்றம் சொல்லுங்கள். அது தன்னுடையதா இல்லையா என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். ஸ்கிராட்சுக்கும் இதே முறைதான், அண்ணன் செய்து கொடுத்த கேம் பழைய காலத்திலிருந்தே உண்டு.

இப்போது பெற்றோர். இங்கே எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோடிங் விற்கும் கம்பெனிகள் பிரிக்காமல் சொல்லித்தான் பெயரைக் கெடுத்துக்கொண்டன. நிச்சயமாக நான் பார்ப்பது: பிழையைக் கண்டு பயப்படாமல் தேடுகிற பழக்கம் வருகிறது, குறை எண்ணும் ஆயத்தொலையும் கைக்கு வருகின்றன, தான் செய்ததை மற்றவர் குறைசொல்லக் கேட்டுத் திருத்துவது வருகிறது. கணக்கில் மதிப்பெண் கூடுமா? வாக்குக் கொடுக்காதீர்கள். 1990களின் தொடக்கத்தில் பாஸ்டனில் யாஸ்மின் கஃபாய் என்ற ஆய்வாளர் ஒரு நான்காம் வகுப்பைக் கொண்டு, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லித்தரும் கேம்களை லோகோ என்ற நிரல்மொழியில் செய்ய வைத்தார், அது இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு. ஆனால் அது ஒரே வகுப்பு, சுமார் ஆறு மாதம் அதற்கென்றே நேரம், ஆராய்ச்சியாளர் கூடவே இருந்தார். வாரம் இரண்டு பீரியட்டுக்கு அதை நீட்டிப் பேசுவது நேர்மையாகாது.

வேலை கிடைக்குமா என்பார்கள். இந்தியாவில் கேம் வேலைகள் பெங்களூரு, ஹைதராபாத், புனே பக்கம் அதிகம், சென்னையில் கொஞ்சம். 2023, 2024இல் உலகம் முழுவதும் இந்தத் துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையை இந்த வேலைக்குத் தயார்செய்கிறோம் என்று சொல்லாதீர்கள். கேமுக்கு அடிமையாகிவிடுவானே என்பதுதான் அதிகம் வரும் கேள்வி. அதில் ரம்மி, பந்தயம் எல்லாம் கலந்திருக்கும்; பேப்பரில் வரும் செய்தி அப்படி. பணம் வைத்து ஆடுவதைத் தடுக்கத் தமிழ்நாடு 2022இல் சட்டம் போட்டது, 2025இல் நாடாளுமன்றமும் போட்டது, நாம் செய்வது அந்த வகையில் சேராது என்று முதலில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மற்றபடி, கேம் செய்யக் கற்றவன் குறைவாக விளையாடுவான் என்று நான் சொல்ல மாட்டேன். சிலர் அதிகமாகவே விளையாடுவார்கள். ஆனால் தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் விட்டால் போச்சு என்கிற தந்திரத்தை எல்லாம் இப்போது பெயர் சொல்லிக் காட்டுகிறார்கள், 'இது நம்மள திரும்ப வர வைக்கிறதுக்கு சார்' என்று. அது போதுமா போதாதா என்பதைப் பெற்றோரே முடிவு செய்யட்டும். வாய்ப்பிருந்தால் பெற்றோர் கூட்டத்தன்று பிள்ளைகளின் கேமை அவர்கள் கையில் கொடுத்து ஆட விடுங்கள். விளக்கம் சொல்ல வேண்டிய தேவை பாதியாகக் குறைந்துவிடும்.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லித்தந்தது பெரும்பாலும் எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை, விரும்பி வந்த பிள்ளைகளுக்கு. உங்களுக்குக் கட்டாய வகுப்பு, ஆர்வமே இல்லாதவர்களும் இருப்பார்கள். அவர்களை முதலில் சோதிப்பவர்களாக, குறிப்பெடுப்பவர்களாக வைத்துப் பாருங்கள், சிலர் அந்த வழியாக உள்ளே வருவார்கள் என்று நினைக்கிறேன். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு இதை நடத்திய பழக்கம் எனக்கு இல்லை. அப்படி யாராவது வகுப்பில் இருந்தால், ஒலியை வைத்து ஆடும் கேம்கள் பற்றித் தெரிந்தவர் இங்கே கீழே எழுதினால் எனக்கும் உதவும்.

தலைமையாசிரியரிடம் ஏதாவது கேட்க முடிந்தால் புது கம்ப்யூட்டர் கேட்காதீர்கள், கிடைக்க இரண்டு வருடமாகும். நல்ல மவுஸ் ஆறு கூடுதலாக, ஒரு புரொஜெக்டர், ஏழாம் வகுப்பைக் கூட்டிவர மாதம் ஒரு பீரியட்டுக்கு அனுமதி, இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது அதுதான்.